வெயிட் போடாத குக்கர்

ஜூலை 8, திங்கள்

லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எனக்குச் சொந்தமாக ஒரு வேலையும் இல்லை. அதனால் கேக் செய்தேன்.

இருபது வருஷத்துக்கு மேலாகக் கூட்ஸ் வண்டி ஓட்டுகிறேன். டிரைவர் என்று இருந்ததை இப்போது லோகோ பைலட் என்று மாற்றிவிட்டார்கள். பைலட் என்றால் பெண் கொடுப்பார்கள் என்று யாரோ யோசித்திருக்க வேண்டும். எனக்கு அதற்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டதால் பயனில்லை. இத்தனை வருஷத்தில் என் வீட்டு அடுப்படியில் நான் தண்ணீர் குடித்ததைத் தவிர வேறு எதுவும் செய்ததில்லை.

கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கும் மகள் கவிப்பிரியாதான் செல்போனில் வழி சொன்னாள். ஓவன் எல்லாம் வேண்டாமாம். பெரிய குக்கரின் அடியில் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, அதன்மேல் கேக் டின்னை வைத்து மூடினால் போதும். கேஸ்கட்டைக் கழற்றிவிட வேண்டும். வெயிட்டும் போடக் கூடாது. வெயிட் போடக் கூடாது என்பதை அவள் மூன்று தடவை சொன்னாள். எனக்கு ஒரு தடவை சொன்னதே போதுமாக இருந்தது.

வண்டியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தூரத்தில் சிக்னல் தெரிந்ததும் அதன் நிறத்தை நான் சத்தமாகச் சொல்வேன். பக்கத்தில் இருக்கும் அசிஸ்டென்ட் அதையே திருப்பிச் சொல்வார். இருவரும் ஒன்றையேதான் பார்த்தோம் என்பதற்கு அது சாட்சி. சொல்லாமல் ஒரு சிக்னலைத் தாண்டினால் பல் விளக்காமல் காபி குடித்த மாதிரி இருக்கும். அந்தப் பழக்கத்தில் இன்று "மைதா ரெண்டு கப்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

நாகு எட்டிப் பார்த்தாள். நாகேஸ்வரி, என் மனைவி. "ஏனுங்க, யாருகிட்டப் பேசறீங்க?"

"மைதாகிட்ட."

"அது என்ன சொல்லுச்சு?"

கேக் நடுவில் குழிந்துவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

நாகு கேக்கின் பள்ளத்தில் பால் ஊற்றிச் சாப்பிட்டாள். நல்லாத்தான் இருக்குது என்றாள். பொய் சொல்லும்போது நாகு என் முகத்தைப் பார்க்க மாட்டாள். இன்று கேக்கைப் பார்த்துச் சொன்னாள்.

ஜூலை 11, வியாழன்

கேக் எழும்பியது! முதல் தடவை செய்த தவறு வேகும்போது இரண்டு தடவை மூடியைத் திறந்தது. இன்று நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டேன், கையைக் கட்டிக்கொண்டு. ஏலக்காய் வாசம் வந்தது. பிறகு வெண்ணெய் வாசம். பிறகு இரண்டும் சேர்ந்து ஒன்று. சத்தமே இல்லாமல் ஒரு பொருள் இவ்வளவு பெரிதாவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

என் சாப்பாடெல்லாம் ரன்னிங் ரூமில்தான் கழிந்திருக்கிறது. டிரைவர்கள் தங்கும் இடம். அங்கே சமைக்க ஆள் உண்டு, ருசிதான் இல்லை. இல்லாவிட்டால் டப்பாவில் தயிர்ச்சோறு, ஓடும் வண்டியில், ஒரு கண் லைன்மேல். சூடாக ஒன்றை வாயில் போட்டு, அது ஆறும்வரை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஊதும் சுகம் இன்றைக்குத்தான் கிடைத்தது.

மத்தியானம் நாகு குக்கர் வெயிட்டைத் தேடினாள். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்றேன். அதுவரைக்கும் சோற்றை வடித்துச் சாப்பிடலாம், வடித்த சோறு சர்க்கரைக்கு நல்லது என்றேன்.

"நம்ம ரெண்டு பேருக்கும் சர்க்கரை இல்லீங்களே."

"வராம இருக்கும்."

"புதுசா ஒரு வெயிட்டு வாங்கிக்கலாமுங்க."

"இந்தக் கம்பெனி வெயிட் இப்ப வர்றதில்லை."

என்னைப் பார்த்தாள். பிறகு பானையை எடுத்துக் கழுவினாள்.

ஜூலை 13, சனி

காற்று ஆரம்பித்துவிட்டது. ஆடி பிறக்கும் முன்பே இந்த ஆட்டம். எங்கள் வீடு ஆற்றுப் பக்கம். ஸ்டேஷன் மேற்கே நன்றாகத் தள்ளி இருக்கிறது. மற்ற மாதங்களில் அங்கே வண்டி வருவதும் போவதும் எங்களுக்குத் தெரியாது. இந்தக் காற்றில் மட்டும் ஊரின் எல்லாச் சத்தமும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மிக்ஸியில் முட்டை அடித்தேன். நாகு வந்து மிக்ஸியை நிறுத்தினாள். ஜாரைத் தூக்கிப் பார்த்தாள்.

"முட்டையே இல்லாம ஓடுது."

"ஜார் சரியாச் சுத்துதான்னு பாத்தேன்."

சரியாகத்தான் சுற்றுகிறது.

ஜூலை 15, திங்கள்

லோகோ இன்ஸ்பெக்டர் தாமோதரன் போன் செய்தார். நல்ல மனிதர். முதலில் உடம்பைக் கேட்டார், பிறகு வீட்டைக் கேட்டார், பிறகு மழையைக் கேட்டார். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"குழந்தைவேலு, டாக்டர் உங்களை ஃபிட்னுதான் எழுதியிருக்காரு. ஆனா உங்க மனசுக்குத்தான் தெரியும். லைனுக்கு வர்றீங்களா, இல்ல லாபியில உக்காந்துக்கறீங்களா? ஆடிப் பதினெட்டுக்குள்ள சொல்லிடுங்க. அதுக்கப்புறம் என்னால அந்த எடத்தைப் பிடிச்சு வெக்க முடியாது."

லாபி என்பது டிரைவர்களுக்கு டியூட்டி எழுதும் அலுவலகம். ஃபேன் உண்டு. நாற்காலி உண்டு. வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் தூக்கம். ஒருமுறை லாபிக்குப் போனவர் மறுபடி இன்ஜினில் ஏறியதை நான் பார்த்ததில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தோன்றும். எனக்கு இன்ஜினில் ஏறுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. இப்போது கேக் தெரியும்.

"சொல்றேனுங்க சார்" என்றேன். வாழைப்பழக் கேக் செய்தேன். பழம் நன்றாகக் கறுத்திருக்க வேண்டும், அழுகக் கூடாது. அந்த ஒருநாள் இடைவெளியைப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஜூலை 17, புதன். ஆடி ஒன்று

எங்கள் பக்கம் ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவோம். மற்ற ஊர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. தேங்காயை வழவழவென்று தேய்த்து, ஒரு கண்ணைத் துளைத்து, தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி, உள்ளே பாசிப்பருப்பு, எள், அவல், பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாவற்றையும் திணித்து, நீளக் குச்சியால் கண்ணை அடைத்துத் தீயில் காட்ட வேண்டும். வாசலில் வரிசையாக வீட்டுக்கு வீடு தீ.

நான்தான் குச்சியைப் பிடித்திருந்தேன். ஓடு கறுத்து, கண்ணோரம் ஆவி கசிந்தது. மெதுவாகச் சீற ஆரம்பித்தது. குச்சியை நாகுவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். புகை கண்ணில் பட்டுவிட்டது.

சாயங்காலம் ஒரு யோசனை வந்தது. சுட்ட தேங்காயை உடைத்து, அந்தப் பூரணத்தையும் கொஞ்சம் தேங்காயையும் சேர்த்து இடித்து, ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவுக்குள் வைத்து பன் செய்தேன். மேலே பால் தடவினேன். பொன்னிறமாக வந்தது. பிய்த்தால் உள்ளே புகை வாசம், வெல்லம், எள். நானே அசந்துபோனேன். நாகு ஒன்றைத் தின்றுவிட்டு இரண்டாவதைக் கேட்காமலே எடுத்தாள். இந்த முறை என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நல்லா இருக்குதுங்க."

ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது. அதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஜூலை 18, வியாழன்

மறுபடியும் பன். மறுபடியும் நன்றாக வந்தது.

ஜூலை 20, சனி

இளவரசன் வந்தார். என் அசிஸ்டென்ட். தர்மபுரிக்காரர், போன வருஷம்தான் கல்யாணம். இப்போது வேறொரு டிரைவரோடு ஓடுகிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் கொஞ்ச நேரம் நின்றார்.

கேக் கொடுத்தேன். பன் கொடுத்தேன். டீ கொடுத்தேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், அந்த வளைவு வர்றப்பெல்லாம் எனக்கு…"

"வெனிலா தெரியுதா பாருங்க" என்றேன்.

"எது சார்?"

"கேக்குல. எசென்ஸ் ஒரு மூடிதான் ஊத்தினேன். அதிகமானா மருந்து வாடை வந்துரும்."

"தெரியுது சார்."

சர்க்கரையைப் பொடித்துப் போடுவது பற்றி அவரிடம் விரிவாகச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே இருந்தார். போகும்போது மூன்று பன் கட்டிக் கொடுத்தேன். தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் போனார்.

நாகு தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தத் தம்பி அழுகறதுக்குத்தான் வந்துச்சு. நீங்க கேக்கைக் குடுத்து வாயை அடைச்சுட்டீங்க."

அப்படியெல்லாம் இல்லை.

ஜூலை 22, திங்கள்

பக்கத்து வீட்டு மெஹருன்னிசா அக்காவுக்கு பன் கொடுத்து வரலாம் என்று போனேன். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அவர் வீட்டு அடுப்படி வரைக்கும் நான் போனதில்லை. தட்டோடு கூப்பிட்டதும் "உள்ளாற வாங்க தம்பி, கையெல்லாம் மாவு" என்றார்.

அடுப்பில் அவருடைய குக்கர் இருந்தது. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தூக்கு. அதன் வயிற்றில் பொடி எழுத்தில் 'குழந்தைவேலு – நாகேஸ்வரி' என்று வெட்டியிருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த பாத்திரம்.

"நம்ம தூக்கு மாதிரி இருக்குது" என்றேன்.

"உங்களுதுதான். பருப்பு வேக வெக்க நாகு குடுத்துட்டுப் போனா. தெனமும் எங்க குக்கர்லதானே வேகுது." பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்குச் சத்தம் ஆவலைன்னு சொன்னா தம்பி. அதனால என்ன, எங்க வீட்டுல வெந்தா பருப்பு வேண்டாம்னா சொல்லுது?"

சுவரில் சாய்ந்து நின்றேன். சுவர் என்ன நிறம் என்று கேட்டால் இப்போது சொல்லத் தெரியாது. அப்படியானால் நான் சாப்பிட்ட சாம்பார் எல்லாம் அந்தப் பருப்புதான். வெயிட் எங்கே என்று நாகு அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. நான் கெட்டிக்காரத்தனமாக மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கேக் செய்துகொண்டிருந்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

சரி, எழுதிவிடுகிறேன்.

போன மாதக் கடைசியில் ஒரு காலை. திருப்பூரிலிருந்து ஈரோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். டபுள் லைன். ஒரு வளைவு தாண்டியதும் ஆள் தெரிந்தார். எங்கள் லைனில் இல்லை. பக்கத்து லைனில், எங்களுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார். அந்த லைனில் வண்டி வந்தால் எதிரே வரும், கண்ணுக்குத் தெரியும். அப்படி நடப்பவர்கள் விவரமானவர்கள். வெள்ளைச் சட்டை. கையில் சாப்பாட்டுக் கேரியர் வைத்திருந்தார்.

நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் அவரைத் தாண்டிப் போயிருப்போம். காற்று மட்டும் அவர் சட்டையை இழுத்திருக்கும்.

லைனில் ஆள் தெரிந்தால் ஹாரன் அடிக்க வேண்டும். அடித்தேன். நீளமாக. வண்டி தன் லைனில்தான் பின்னால் வருகிறது என்று நினைத்துவிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதறிக்கொண்டு லைனை விட்டுத் தாவினார். எங்கள் லைனுக்குத் தாவினார்.

பிரேக் போட்டேன். இவ்வளவு பெரிய கூட்ஸ் வண்டி நினைத்த இடத்தில் நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும். டிரைவர் இன்ஜினை விட்டு இறங்கக் கூடாது. இளவரசன்தான் இறங்கிப் பின்னால் நடந்து போனார். ரொம்ப நேரம் கழித்து வந்தார். "கேரியர் மூடிகூடத் திறக்கலை சார்" என்றார். அதைத் தவிர அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என்மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். தப்பு என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஹாரனுக்கு ஒதுங்கிப் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள் என்று தாமோதரன் சார் சொன்னார். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். அவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. இவரைத் தெரியும்.

அந்தச் சாப்பாட்டுக்காக எங்கேயோ ஒருவர் அன்றைக்குப் பசியோடு காத்திருந்திருப்பார். அவர் யார் என்று நினைக்க ஆரம்பித்தால் எனக்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் போல் இருக்கிறது. எதையாவது செய்து யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் போல் இருக்கிறது.

ஜூலை 24, புதன்

நாகுவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். விபத்து நடந்தது அவளுக்குத் தெரியும். ஹாரன் விஷயம் மட்டும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அதுவும் தெரிந்திருந்தது. தூக்கத்தில் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேனாம்.

"நான் ஊதாம இருந்திருந்தா அந்த ஆளு இன்னைக்கு இருப்பாரு, இல்ல?"

வேறு யாரிடமும் நான் இதைக் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குத் தெரியலைங்க" என்றாள். வெங்காயத் தோலை ஒன்று சேர்த்து முறத்தில் போட்டாள். "பருப்பை அக்கா வீட்டுலயே வெச்சுக்கறேன். அது ஒண்ணும் எனக்குச் செரமமில்லை. வருசம் பூரா வெச்சாலும் அக்கா ஒண்ணும் சொல்லாது."

அழுதுவிட்டேன். வெங்காயம் பக்கத்தில் இருந்தது வசதியாகப் போயிற்று.

ஜூலை 26, வெள்ளி

இளவரசனுக்கு போன் செய்தேன். ரிங் போனது. எடுக்கவில்லை. டியூட்டியில் இருப்பார்.

ஜூலை 28, ஞாயிறு

நாகு கோயிலுக்குப் போயிருந்தாள். குக்கரில் தண்ணீர் மட்டும் ஊற்றி, கேஸ்கட் மாட்டி, மூடி, வெயிட்டைப் போட்டேன். (வெயிட் நான் டியூட்டிக்குக் கொண்டுபோகும் லைன் பாக்ஸில், சிவப்புக் கொடிக்கும் பச்சைக் கொடிக்கும் அடியில் இருந்தது. அது எப்படி அங்கே போயிற்று என்று எழுதத் தேவையில்லை.)

விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீறல் வரும். முதலில் விட்டுவிட்டு, பிறகு விடாமல். வெயிட் லேசாக ஆட ஆரம்பிக்கும். அந்த இடத்தில் அடுப்பை அணைத்துவிட்டேன். வெயிட்டைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன்.

ஜூலை 29, திங்கள்

பன் அடியில் தீய்ந்துவிட்டது. தின்றேன்.

ஜூலை 31, புதன்

தாமோதரன் சார் மறுபடி கூப்பிட்டார். ஆடிப் பதினெட்டு சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்றேன். "லாபின்னா கேவலமில்ல குழந்தைவேலு" என்றார். கேவலம் இல்லைதான். அங்கே இருப்பவர்கள் வேளைக்கு வீட்டுக்குப் போகிறார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூட விழாவுக்குப் போகிறார்கள். நானும் லாபிக்கே போகலாம் என்று முடிவு செய்தேன். மத்தியானம் நாகுவிடம் சொன்னேன். "உங்க இஷ்டமுங்க" என்றாள்.

சாயங்காலம் காற்றில் ஒரு வண்டிச் சத்தம் வந்தது. என்ன இன்ஜின், சுமை இருக்கிறதா காலியா, எந்தப் பக்கம் போகிறது என்று என்னை அறியாமல் காது சொல்லிக்கொண்டிருந்தது. மிக்ஸியை நோக்கி எழுந்தவன் பாதியில் நின்றேன். கேட்டுக்கொண்டே நின்றேன். அது தூரமாகப் போனபோது வாசல்வரை போய்க் காதைக் கொடுத்தேன். பயம் கொஞ்சம் இருந்தது. மீதி பயம் இல்லை. எனக்கு அந்த வேலை பிடிக்கும். இவ்வளவு நாளாக அதையும் சேர்த்துத்தான் ஒளித்து வைத்திருந்தேன் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

காலையிலேயே தெருவெல்லாம் ஆற்றுக்குப் போகும் கூட்டம். கவிப்பிரியா பஸ் ஏறிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு உத்தரவு: "அம்மா, எலுமிச்சம் சாதமெல்லாம் சாமிக்கு. எனக்கு அரிசிம்பருப்புச் சோறு."

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் கேட்கும் சோறு அது. அரிசியும் பருப்பும் சின்ன வெங்காயமும் சேர்ந்து குக்கரில் குழைய வேண்டும்.

நாகு தூக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். "அக்கா வீடு பூட்டிக் கெடக்குது. கரூருக்குக் கல்யாணத்துக்குப் போறேன்னு சொல்லுச்சு, மறந்தே போயிட்டேன்." பானையை எடுத்தாள். "பரவால்லீங்க. பானையிலயே வெக்கறேன். ருசி என்ன, கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்."

பானையை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, லைன் பாக்ஸைத் திறந்து வெயிட்டைக் கொண்டுவந்தேன். அவள் அதைப் பார்த்தாள். எங்கே இருந்தது என்று கேட்கவில்லை. வெங்காயத்தை வதக்கினாள், மிளகும் சீரகமும் தட்டிப் போட்டாள், அரிசி பருப்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். பிறகு அடுப்பிலிருந்து ஒதுங்கி எனக்கு இடம் விட்டாள்.

"கேஸ்கட்" என்றேன், மாட்டிக்கொண்டே.

நாகு என்னைப் பார்த்தாள். "கேஸ்கட்" என்றாள்.

"மூடி."

"மூடி."

"வெயிட்."

"வெயிட்டு."

காத்திருந்தோம். சீறல் ஆரம்பித்தது. விட்டுவிட்டு, பிறகு விடாமல். வெயிட் ஆடியது. என் கை தன்னால் அடுப்பை நோக்கிப் போனது. நாகு என் கையைப் பிடிக்கவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள், தோள் இடிக்கிற தூரத்தில்.

விசில் வந்தது.

"ஒண்ணு" என்றாள்.

நான் திருப்பிச் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அந்த வெள்ளைச் சட்டை தாவியது. கேரியர் தாவியது.

"ஒண்ணுங்க" என்றாள் மறுபடியும். மரியாதையோடு சிக்னல் சொல்லும் அசிஸ்டென்ட்டை நான் பார்த்ததில்லை. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. அதோடு சேர்த்து அந்த வார்த்தையும் வெளியே வந்துவிட்டது.

"ஒண்ணு."

இரண்டாவதை நான் முதலில் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். மூன்றாவதை இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டோம். அது விதிப்படி தப்பு. நாகு அடுப்பை அணைத்தாள். வேட்டி முழுக்க வியர்வை.

கவிப்பிரியா வந்து தட்டில் நெய்யை ஊற்றி, முதல் வாயிலேயே உப்பு தூக்கல் என்றாள். யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் குக்கரைச் சுரண்டிவிட்டாள்.

சாயங்காலம் தாமோதரன் சாருக்குப் போன் செய்தேன். "லைனுக்கு வர்றேனுங்க. அசிஸ்டென்ட்டா இளவரசன் கிடைப்பாரா?" என்றேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நேற்று டியூட்டி. இன்று காலையில் வீடு வந்தேன்.

பை நிறையத் தேங்காய் பன் கொண்டுபோயிருந்தேன். இளவரசன் ஒன்றைக் கையில் எடுத்து, தின்னாமல் வைத்துக்கொண்டிருந்தார். "மொதல்ல நீங்க அன்னைக்குச் சொல்ல வந்ததைச் சொல்லுங்க. வெனிலா ஒண்ணும் இதுல இல்லை" என்றேன். வண்டி கிளம்பும் முன் கிடைத்த நேரத்தில் சொன்னார். இறங்கிப் போய் அவர் பார்த்ததை முழுவதும் சொன்னார். நான் கேட்டேன். அதை இங்கே எழுத வேண்டாம். அது அவருடையது.

கோயம்புத்தூர்ப் பக்கம் போகிற வண்டி. அன்று அந்த மனிதர் நடந்த லைன்தான் நேற்று எங்கள் லைன். வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்கச் சொல்லி ஒரு பலகை இருக்கிறது. பலகை தெரிந்ததும் சொன்னேன். இளவரசன் திருப்பிச் சொன்னார். அடித்தேன், நீளமாக. வளைவு திரும்பியது. இரண்டு லைனிலும் யாரும் இல்லை. அந்த இடம் தாண்டும்வரை நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இன்று வீட்டுக்குள் நுழைந்ததும் நாகு டீயைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். வழக்கமாக உட்கார மாட்டாள்.

"நேத்துக் காத்தால நீங்க போனதுக்கப்புறம் காத்துல ஒரு சத்தம் கேட்டுச்சுங்க. பால்காரர் வந்தாரே, அப்பொ. நல்லா நீளமா ஒண்ணு."

"ம்."

"நான் அடுப்படியில இருந்துட்டே 'ஒண்ணு'ன்னு சொன்னேன். பால்காரரு என்னங்கம்மான்னு கேட்டாரு." தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். "அது நீங்கதானுங்களே?"

பால்காரர் வரும் நேரத்துக்கு நான் திருப்பூரையே தாண்டிப் போயிருந்தேன்.

"நான்தான்" என்றேன், டீயைப் பார்த்துக்கொண்டு.